நேற்று வைத்த இடத்தில் பனி

எல்வா சமரிப்பாவின் மேசை இழுப்பறையில் கத்தரிக்கோல் மறுபடியும் இடம் மாறியிருந்தது. அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. திங்கட்கிழமை பேனாக்களோடு கிடந்தது. செவ்வாய்க்கிழமை பசை டப்பாவோடு குடித்தனம் போயிருந்தது. இன்றைக்கு அளவுகோலுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. செய்தது யார் என்று துப்புத் துலக்க வேண்டிய அவசியம் இல்லை. பக்கத்து மேசைக்காரர் நார்பர்ட் குபாலா, கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எதைப் பார்த்தாலும் அதை அதற்கு உறவான சாமானுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"அளக்குறதும் வெட்டுறதும் ஒண்ணா இருக்கணும், எல்வா. அளந்துட்டுத்தானே வெட்டுறோம்?" என்றார்.

"நான் அளக்காமத்தான் வெட்டுவேன், டாக்டர்."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். கெட்டவர் இல்லை. திங்கட்கிழமை தோறும் தன் சொந்த ஊர்க் கடையிலிருந்து பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுப்பார். அந்தப் பெட்டியிலும் ஆப்ரிகாட் ஒரு பக்கம், பாப்பி விதை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கிய பிறகுதான் மூடியைத் திறப்பார்.

ஆஸ்டின் நகரத்துக்கு வடக்கே ஓக் மரங்களுக்கு நடுவில் இருந்த அந்த ஆராய்ச்சிக் கூடத்தை ஏழெட்டுக் கம்பெனிகள் சேர்ந்து நடத்தின. எண்பதுகளின் பிற்பாதி. கம்ப்யூட்டருக்கு மூளை இருக்கிறது, உலக அனுபவம்தான் போதவில்லை, அதையும் ஊட்டிவிட்டால் தானே யோசிக்க ஆரம்பித்துவிடும் என்று படித்தவர்கள் மனதார நம்பிய காலம். ஆகவே கீழ்த்தளத்தில் இருபது பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து உலக அனுபவத்தை ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்தார்கள். தண்ணீர் பட்டால் நனையும். மாடு பால் தரும். செத்தவர் கடிதம் எழுத மாட்டார். ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் இருக்க முடியாது. இப்படி நாற்பதாயிரம் உண்மைகள். இதற்கு அறிவுக் கிடங்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலமாக எல்வாவும் அந்த இருபது பேரில் ஒருத்தியாகத்தான் வந்தாள். முதல் நாள் வீட்டுக்குப் போனதும், மாடு பால் தரும் என்று எழுதினால் சம்பளம் தருகிறார்கள் என்று அவள் சொன்னதைப் புருஷன் ருபேன் நம்பவே இல்லை.

கிடங்கு வளர வளர ஒரு தொல்லை முளைத்தது. உள்ளே என்ன இருக்கிறது, எது எங்கே இருக்கிறது, எது தப்பாகப் போட்டது என்று யாருக்கும் தெரியவில்லை. அச்சடித்துப் பார்த்தால் காகிதக் கட்டு ஆள் உயரம் வந்தது. அப்போதுதான் குபாலாவுக்கு அந்த யோசனை தோன்றியது. கிடங்கைப் படிக்க வேண்டாம், அதற்குள் பறந்து போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு பொருளும் கறுப்பு வெளியில் மிதக்கும் ஒரு வண்ண மணி. உறவுள்ள மணிகளுக்கு இடையே நூல். மவுஸை அழுத்தினால் முன்னே போகலாம், திருப்பினால் வலது, இடது, மேலே, கீழே. பசு என்ற மணியிலிருந்து பால் என்ற மணிக்கு நூலைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம்.

திரையில் அது அழகாகத்தான் இருந்தது. சோதித்துப் பார்க்க ஒன்றும் தெரியாத ஆள் ஒருத்தர் வேண்டும் என்று மேல்தளத்திலிருந்து கேட்டபோது, கீழ்த்தளத்தார் எல்வாவை அனுப்பினார்கள். ஒன்றும் தெரியாதவள் என்று தன்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கோபத்தோடே அவள் படியேறினாள். மவுஸைப் பிடித்து ஐந்து நிமிஷம் பறந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, குப்பைக்கூடை எங்கே என்று கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் குபாலா.

"வாந்தி வருது. தரை எங்க இருக்கு?"

விண்வெளிக்குத் தரை கிடையாது என்று அவர் விளக்கினார். தரை இல்லாத கடைக்குள் எவளாவது நுழைவாளா என்று எல்வா திருப்பிக் கேட்டாள். அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். மறு வாரம் அவளை மறுபடியும் கூப்பிட்டார். மணிகளுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் கட்டம் போட்ட தரை ஒன்று விரிந்திருந்தது. தலைசுற்றல் நின்றுவிட்டது. அதற்கடுத்த வாரம், தூரத்தில் நிற்கும்போது பெரிய பெயர்கள் மட்டும் தெரிய வேண்டும், கிட்டே போனால்தான் சின்னப் பெயர்கள் வர வேண்டும், சந்துக்குச் சந்து மேலே பலகை தொங்க வேண்டும் என்றாள். அதுவும் வந்தது. நான்காவது வாரம் குபாலா கூடத்தின் தலைவி ஹாலிஸ் டேட்டிடம் போய், கீழே தட்டச்சு செய்கிற அந்த அம்மாள் தனக்கு மேலே வேண்டும் என்று கேட்டார். இப்படித்தான் எல்வாவுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. ஏஜென்சி ஒப்பந்தம் பிப்ரவரி கடைசியோடு முடியும். அதற்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை.

இந்தப் பலகையும் சந்தும் அவளுக்கு எங்கிருந்து வந்தன என்றால், பத்தொன்பது வருஷம் அவள் வேலை பார்த்த மளிகைப் பேரங்காடியிலிருந்து வந்தன. பதினேழு வயசில் பைகளில் சாமான் போட்டுக் கொடுக்கும் பெண்ணாகச் சேர்ந்து, எந்தத் தட்டில் எந்த டப்பா நிற்க வேண்டும் என்று அடுக்கும் தலைமை ஆளாக உயர்ந்தவள். வேலை பிடித்திருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு இரண்டு தரம் தலைமை அலுவலகத்திலிருந்து படம் வரைந்த தாள் வரும். பீன்ஸ் ஒன்பதாவது சந்துக்கு, சோப்பு நான்காவது சந்துக்கு, கடையை மொத்தமாகப் புரட்டு என்று கட்டளை. காகிதத்தில் பார்த்தால் புது ஏற்பாடு எப்போதும் பழையதைவிட மேலானதாகத்தான் இருக்கும். ஆனால் மறுநாள் காலை வாடிக்கையாளர்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நடுவில் நின்று முழிப்பார்கள். பாதிப் பார்வை போன ஓச்சோவா என்பவர், இருபது வருஷமாகத் தடுக்காமல் நடந்து வந்து பீன்ஸ் டப்பாவை எடுத்தவர், ஒருநாள் நாய்த் தீனியை எடுத்துப் போய்விட்டார். அன்றைக்குத்தான் எல்வாவுக்கு அந்த வேலை வெறுத்தது. வேறு வேலைக்குத் தட்டச்சு படிக்கப் போனதும் அதனால்தான். அந்தக் கடைக்குத் திரும்பிப் போவதில்லை என்று ருபேன் முன்னால் சொல்லிவிட்டே வந்திருந்தாள். ஆனால் இங்கே மேசை போனால் வேறு போக்கிடமும் இல்லை.

அப்படிப்பட்டவள் குபாலாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது விதியின் விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் குபாலாவின் உயிர் எதில் இருந்தது என்றால் குலுக்கலில் இருந்தது. தினமும் வீட்டுக்குப் போகுமுன் ஒரு கம்ப்யூட்டர் நிரலை ஓடவிட்டுப் போவார். அது ராத்திரி முழுக்க எல்லா மணிகளையும் குலுக்கி, உறவு நெருக்கமான மணிகள் இன்னும் கிட்டத்தில் வரும்படி புதிதாக அடுக்கும். அன்றைக்குச் சேர்ந்த உண்மைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். காலையில் வந்து திரையைத் திறந்து, நேற்றைவிட இன்று எத்தனை நூல் குறுகியிருக்கிறது என்று பார்ப்பதில் அவருக்கு வரும் ஆனந்தம், பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிற குழந்தைக்குக்கூட வராது.

எல்வா இதைப் பார்த்த முதல் நாளே சொல்லிவிட்டாள். இது கடையைப் புரட்டுகிற வேலை என்றாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைக்காரன் லாபத்துக்காகப் புரட்டுகிறான், நான் உண்மைக்காகக் குலுக்குகிறேன் என்றார். நெருங்கிய உறவு நெருக்கமாக இருந்தால் தேடுகிறவனுக்குத்தானே நல்லது?  எல்வாவுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே தனக்கென்று ஒரு வரைபடம் போட ஆரம்பித்தாள். நாற்பதாயிரத்தையும் தொட முடியாது. அதில் தலையான எழுநூறு பொருள்களை அட்டைகளில் எழுதினாள். கூடத்து உணவகத்தில் சாப்பாட்டு நேரத்தில் மேசை மேல் பரப்பி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து, "இதை எங்க போய்த் தேடுவீங்க?" என்று கேட்டாள். காவலாளி, துப்புரவு செய்கிறவர், தட்டச்சுக்காரர்கள், ஹாலிஸ் டேட் உட்பட யாரையும் விடவில்லை. எல்லோரையும்விட மும்முரமாக இருந்தவள் உணவகத்துச் சமையற்காரி லூப்பே. எல்வாவின் அடுத்த வீட்டுக்காரி, பள்ளிக்கூடத்து நாளிலிருந்து தோழி. முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்த டாக்கோவை ஒரு கையில் சுருட்டிக்கொண்டே மறு கையால் அட்டைகளை அள்ளிப் பிரிப்பாள். பனி என்று எழுதிய அட்டை வந்தபோது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூட விடுமுறைக்கும் பண்டிகைக்கும் நடுவில் வைத்தாள்.

"பனி மழைப் பக்கம் போகாதாடி?" என்றாள் எல்வா.

"மழை பெஞ்சா பள்ளிக்கூடம் உண்டு. பனி பெஞ்சா உண்டா? நம்மூர்ல ரெண்டு தூத்தல் உறைஞ்சாலே ஊரே போர்வைக்குள்ள. லீவுன்னா பனி, பனின்னா லீவு. வச்சிட்டுப் போ."

எல்வா அப்படியே வைத்தாள். எழுநூறு மணிகளுக்கும் இடம் குறித்தாயிற்று. மற்றவற்றை அந்தந்த மணியைச் சுற்றி நிறுத்திக்கொள்ளலாம். புதிதாக வருவது பக்கத்தில் வந்து நிற்கும், பழையது ஒரு அங்குலம்கூட நகராது. குபாலா அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். நூல்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. பனிக்கும் மேகத்துக்கும் நடுவில் ஒரு நூல் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது. ஆனாலும் அவளுக்காக அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு சனிக்கிழமை வீட்டை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து செய்தார். ஒரு விஷயம் தப்பு என்று சொல்லிக்கொண்டே அதற்கு அவ்வளவு உழைக்கிற மனுஷர்களை எல்வா அதற்கு முன் பார்த்ததில்லை.

ஜனவரியில் கம்பெனிகளின் பிரதிநிதிகள் ஐந்து பேர் வருவதாகத் தேதி குறிக்கப்பட்டது. ஹாலிஸ் டேட் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னாள். அவள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. இரண்டு வரைபடங்களை வைத்துக் காப்பாற்றக் கூடத்தால் முடியாது. வருகிறவர்கள் கிடங்கை முன்பின் பார்த்திராதவர்கள். ஆளுக்கு ஆறு கேள்வி கொடுப்போம், இரண்டு வரைபடத்திலும் தேடட்டும். எதில் சீக்கிரம் கிடைக்கிறதோ அது நிற்கும். எல்வாவின் வரைபடம் நின்றால் அவளைக் கூடத்திலேயே வடிவமைப்பாளராகச் சேர்த்துக்கொள்ளக் கேட்கலாம். நிற்காவிட்டால் பிப்ரவரிக்கு மேல் அவளை வைத்திருக்கக் காரணம் சொல்ல ஹாலிஸிடம் ஒன்றும் இருக்காது.

 அன்று சாயங்காலம் எல்வா பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பழைய கடை ஜன்னலைக் கடந்தாள். உள்ளே யாரோ ஏணி மேல் நின்று பலகையைக் கழற்றி வேறு பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சோதனை நாள் வந்தது. ஐந்து பேரில் நான்கு பேர் அமைதியானவர்கள். ஐந்தாவது ஆள் வடக்கே பனி கொட்டும் மினியாபோலிஸிலிருந்து வந்த திருமதி லிண்ட்குவிஸ்ட். அறுபதை நெருங்கியவள், கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு வந்து, இங்கே வெயிலாக இருக்கிறதே என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மனதில் பட்டதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிற ரகம். இரண்டு வரைபடத்திலும் தேட வேண்டிய பட்டியலில் அவளுக்கு மூன்றாவதாக வந்து விழுந்தது பனி.

குபாலாவின் வரைபடத்தில் வானிலைக்குப் போய், நூலைப் பிடித்து, நாற்பது விநாடியில் பனியைத் தொட்டுவிட்டாள். எல்வாவின் வரைபடத்தில் ஆரம்பித்தாள். மழைப் பக்கம் போனாள். இல்லை. மலைகள் பக்கம் போனாள். இல்லை. கருவிகள் சந்தில் மண்வெட்டிக்குப் பக்கத்தில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஓடியது. எல்வா பின்னால் நின்று கைகளைப் பிசைந்தாள், வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கடைசியில் லிண்ட்குவிஸ்ட் நூல் ஒன்றைப் பிடித்து ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து பள்ளிக்கூட விடுமுறைக்குப் பக்கத்தில் பனியைக் கண்டுபிடித்தாள். மவுஸை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இதை இங்க வச்சது யாரு?"

எல்வா தான்தான் என்றாள். லூப்பேயைக் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை.

"எங்க ஊர்ல பனின்னா வாசல்ல குவிஞ்சதை அள்ள மண்வெட்டி, இடுப்பு வலி, ஏழு மணிக்கு வேலைக்குப் போகணும். அங்க ஒருநாள் வந்து இரு, தங்கம். அப்புறம் விடுமுறைப் பக்கத்துல வைக்க மாட்டே."

எல்லோரும் சிரித்தார்கள். எல்வாவும் சிரித்து வைத்தாள். அவளுக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது, அந்தத் தரையும் அவளே கேட்டு வாங்கியதுதான். சாயங்காலம் ஹாலிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு பொருளைக் கண்டுபிடிக்கக் குபாலாவின் வரைபடத்தில் சராசரி ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல், எல்வாவின் வரைபடத்தில் மூன்று. குபாலா வந்து ஏதோ ஆறுதல் சொல்லப் பார்த்தார். சொல் வராமல், அவள் மேசையில் கிடந்த எழுநூறு அட்டைகளை அகர வரிசையில் அடுக்க ஆரம்பித்தார். தொடாதீர்கள் என்று எல்வா கத்திவிட்டாள். அவரிடம் அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் அட்டைகளை அப்படியே விட்டுவிட்டு, வழக்கம்போலக் குலுக்கலை ஓடவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் விடிந்தபோது ஊர் கண்ணாடி பூசியது போல மின்னிக்கொண்டிருந்தது. ராத்திரி தூறிய மழை அப்படியே உறைந்துவிட்டிருந்தது. கனம் என்னவோ ஒரு விரல் நகத்தளவுதான். ஆஸ்டினுக்கு அது போதும். ரேடியோவில் பள்ளிக்கூடங்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து எல்லாவற்றுக்கும் விடுமுறை என்றார்கள். அலுவலகங்கள் மூடல், பஸ் இல்லை, விமானம் இல்லை, யாரும் வெளியே தலை காட்ட வேண்டாம் என்றார்கள். எல்வா போர்வையை இழுத்துக்கொண்டு, தோற்றவளுக்கு ஊரே சேர்ந்து விடுமுறை விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அப்போது லூப்பே கதவைத் தட்டினாள். ஊருக்குத் திரும்ப முடியாமல் விருந்தினர் ஐந்து பேரும் கூடத்துப் பக்கத்து விடுதியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே சமைக்க ஆள் வரவில்லை, ஹாலிஸ் போன் செய்து உணவகத்தைத் திறக்கச் சொல்லிவிட்டாள்.

"தனியா ஓட்டப் பயமா இருக்குடி. வண்டி வழுக்காம இருக்கப் பாரமா உக்கார நீயும் வா."

பாரம் என்றதற்கு ஒரு திட்டு வாங்கிக்கொண்டு லூப்பே வண்டியை எடுத்தாள். பின்னால் நான்கு மணல் மூட்டை, முன்னால் எல்வா. இருபது நிமிஷப் பாதையை ஒரு மணி நேரத்தில் நத்தையாக ஊர்ந்து கடந்தார்கள். கூடத்தின் வாசலில் குபாலா புல்தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில்தான் வீடு. குலுக்கலின் பலனைப் பார்க்காமல் இருக்க முடியாமல் நடந்து வந்து, இரண்டு தடவை வழுக்கி விழுந்து, மூன்றாவது தடவை எழுந்திருக்காமலே யோசித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டு போனார்கள்.

சாப்பிட்டு முடித்த விருந்தினர்கள், அவர்களோடு விடுதியிலேயே தங்கிவிட்ட ஹாலிஸையும் கூட்டிக்கொண்டு, பொழுது போகாமல் காபிக் கோப்பையோடு மேலே ஏறி வந்தார்கள். திருமதி லிண்ட்குவிஸ்ட் ஜன்னலில் நின்று வெளியே பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டாள். இந்த நகத்தளவுக்கா ஊரே மூடிவிட்டது என்று கேட்டாள். லூப்பே, ஆமாம், ஊரே மூடிவிட்டது, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் உங்களால் வேலைக்கு வந்தோம் என்றாள். அப்போது லிண்ட்குவிஸ்டின் முகம் மாறியது.

"நேத்து ஒண்ணைத் தப்புன்னு சொல்லிட்டேன். அதை மறுபடி பாக்கணும்."

முன்னால் இருந்தது குபாலாவின் திரை. வென்ற திரை. அதிலேயே உட்கார்ந்தாள். நேற்றுப் போன வழி நினைவிருந்தது. மேலே ஏறி, வலது பக்கம் மஞ்சள் மணிகளைத் தாண்டினால் வானிலை. போனாள். அங்கே சமையல் பாத்திரங்கள் இருந்தன.

"நேத்து இங்கதானே இருந்துது?"

குபாலா பெருமையோடு முன்னால் வந்தார். ராத்திரி குலுக்கினேன், இப்போது இன்னும் நல்ல இடத்துக்குப் போயிருக்கும் என்றார்.

"எந்த இடம்?"

குபாலா மவுஸை வாங்கினார். இடது பக்கம் போனார். மேலே போனார். குதிரைகளுக்குள் புகுந்து வரிச் சட்டங்கள் வழியாக வெளியே வந்தார். நூல்கள் நேற்றைவிட நூற்றுக்கு நாலு பங்கு குறுகியிருக்கின்றன என்று போகிற போக்கில் சொன்னார். நூல் குறுகியிருந்தது, ஆள் தொலைந்துபோயிருந்தார். தான் உண்டாக்கிய உலகத்தில், தன் கையால் ஓடவிட்ட நிரல் எதை எங்கே வைத்தது என்று அவருக்கே தெரியவில்லை. மூன்றாவது நிமிஷம் அவர் கழுத்து சிவந்தது. ஐந்தாவது நிமிஷம் கையை எடுத்துவிட்டார். லூப்பே இருமினாள்.

திருமதி லிண்ட்குவிஸ்ட் எழுந்தாள். எல்வா கூப்பிடவில்லை, கை காட்டவும் இல்லை. லிண்ட்குவிஸ்டே நாற்காலியை இழுத்துக்கொண்டு அடுத்த திரைக்குப் போனாள். ஜன்னலைப் பார்த்து லூப்பேயிடம் பேசிக்கொண்டே மவுஸைத் தள்ளினாள். தரை மேலாக நேராகப் போய், பண்டிகைகளின் பலகையைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி நின்றாள். பனி. ஆறு விநாடி. அவள் கை அவளைக் கேட்காமலே போய்விட்டிருந்தது.

"இதோ இருக்கு. பள்ளிக்கூட விடுமுறை பக்கத்துல," என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "சரியாத்தான் வச்சிருக்கே."

 ஹாலிஸ் டேட்டுக்கு மூளை படபடவென்று ஓடியது. மேசையிலிருந்து நேற்றைய கேள்வித் தாள்களை எடுத்தாள், நேரம் பார்க்கும் கடிகாரத்தை எடுத்தாள். எப்படியும் இன்றைக்கு விமானம் இல்லை, நேற்றுத் தேடியதையே எல்லோரும் இன்னொரு தரம் தேடிப் பார்க்கலாமே என்றாள். வேறு வேலை இல்லாத ஐந்து பேரும் விளையாட்டுப் போல உட்கார்ந்தார்கள். எல்வாவின் வரைபடத்தில் ஒருவருக்கும் கால் நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. திருமண மோதிரத்தை நேற்று ஆறு நிமிஷம் தேடிய மனிதர் இன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டே பாதித் தூரம் போய்க் காட்டினார். குபாலாவின் வரைபடத்தில் எல்லோரும் நேற்றைய இடத்துக்குப் போய் ஏமாந்து நின்றார்கள், நேற்று எடுத்ததைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். கூச்சலும் சிரிப்புமாக அந்த அறை பிறந்தநாள் வீடு போலாகிவிட்டது.

குபாலா கடைசி வரைக்கும் சுவரோரம் நின்று ஒவ்வொரு நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்து இரண்டு வரிசையையும் பார்த்தார். ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார். பிறகு அந்தத் தாளைக் கொண்டுவந்து எல்வாவிடம் கொடுத்தார்.

"தேடுறவங்க ஒரே ஒரு நாள்தான் வருவாங்கன்னு நெனச்சுட்டேன், எல்வா. ரெண்டாவது நாள் வருவாங்கன்னு என் கணக்குல இல்லவே இல்ல."

எல்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்ததற்காக இல்லை. தப்பை இப்படிச் சுத்தமாக ஒத்துக்கொண்ட ஒரு மேலாளரைக்கூட அவள் அந்தப் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை. உங்கள் கணக்கு இல்லாவிட்டால் நாற்பதாயிரத்தையும் யார் நிறுத்துவது, புதிதாக வருவதற்குப் பக்கத்தில் இடம் பார்த்துக் கொடுக்க உங்கள் நிரல்தான் வேண்டும், பழையதை மட்டும் தொடாதிருக்கச் சொல்லுங்கள் என்றாள். அவர் அப்போதே உட்கார்ந்து குலுக்கலை நிறுத்தினார். நிறுத்தும்போது பல் பிடுங்குகிற முகம்தான். ஆனால் நிறுத்தினார்.

திருமதி லிண்ட்குவிஸ்ட் கிளம்புமுன் ஒரு திருத்தம் கேட்டாள். பனியிலிருந்து மண்வெட்டிக்கும் இடுப்பு வலிக்கும் தலா ஒரு நூல் போட வேண்டும், எங்கள் ஊர்க்காரர்களும் வருவார்கள் என்றாள். எல்வா அவள் முன்னாலேயே போட்டாள். பனி மணி நகரவில்லை. லூப்பே, அதை அங்கே வைத்தது நான்தான் என்று அன்றைக்கு முழுக்க எல்லோரிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

பிப்ரவரி முதல் தேதியே ஹாலிஸ் எல்வாவைக் கூடத்தின் சொந்த ஆளாக எடுத்துக்கொண்டாள். கதவில் எழுதிய பெயருக்குக் கீழே வடிவமைப்பாளர் என்று இருந்தது. ருபேன் அதைப் பார்க்கவென்றே ஒருநாள் வேலைச் சட்டையோடு வந்து, கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அந்தக் கூடம் மூடுகிற வரைக்கும், பதினோரு வருஷம், எல்வா அங்கே இருந்தாள். கிடங்கு மூன்று லட்சம் உண்மைகளாக வளர்ந்தது. முதல் வருஷம் வந்தவர்கள் கடைசி வருஷம் வந்தபோதும் பசுவும் பாலும் பார்த்த இடத்திலேயே நின்றன.

அதெல்லாம் பிறகு. அந்தப் பனிக்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கொலாச்சிப் பெட்டியைக் கட்டியிருந்த நூலை வெட்ட வேண்டியிருந்தது. எல்வா லூப்பேயோடு போனில் பேசிக்கொண்டே, பார்க்காமல், இழுப்பறைக்குள் கையை விட்டாள். இடது மூலையில், வெள்ளிக்கிழமை தான் போட்ட அதே இடத்தில், கத்தரிக்கோல் விரல்களில் வந்து உட்கார்ந்தது. போனை அப்படியே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். பக்கத்து மேசையில் குபாலா இரண்டு கைகளையும் கக்கத்தில் இறுக்கி வைத்துக்கொண்டு, சுவரைப் பார்ப்பதுபோல் இழுப்பறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா?" என்றார்.

"இருக்கு, டாக்டர்."

அவர் பெருமூச்சு விட்டார். எல்வா நூலை வெட்டினாள், அளக்காமலேதான்.